குவாங்சௌ போகும் முன்பே வீசாட்டைத் திறந்துவிடுங்கள்

2024 பிப்ரவரி 9 முதல் சிங்கப்பூர்க் குடிமக்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை சீனாவில் தங்கலாம் என்றானதால், அந்த அக்டோபரில் குவாங்சௌவில் நடக்கும் கான்டன் வர்த்தகக் கண்காட்சிக்குப் புறப்பட்டபோது பெரிதாக எதையும் ஏற்பாடு செய்துகொள்ளவில்லை. சீனர்கள் செய்தி அனுப்பவும் பணம் செலுத்தவும் பயன்படுத்தும் வீசாட் செயலியைக்கூட அங்கே போய்த் தொடங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அது தவறு.

விடுதியில் என் எண்ணைப் பதிந்ததும் குறுஞ்செய்தி வந்தது. அதற்கடுத்த திரையில் ஒரு கியூஆர் குறியீடு தோன்றி, ஏற்கெனவே வீசாட் வைத்திருக்கும் ஒருவர் அதை ஸ்கேன் செய்து என்னை உறுதிப்படுத்த வேண்டும் என்றது. வரவேற்பில் இருந்த பெண் முகம் கோணாமல் தம் கைபேசியை எடுத்து ஸ்கேன் செய்தார். ஆனால் அந்த மாதம் வேறொரு விருந்தினருக்கு உதவிவிட்டதால் அவருடைய கணக்கை ஏற்கவில்லை. உதவுபவர் சீனாவில் இருப்பவரானால் ஆறு மாதமும், வெளிநாட்டவரானால் ஒரு மாதமும் கணக்கு வைத்திருக்க வேண்டும், கடந்த ஒரு மாதத்தில் வேறு யாருக்கும் இவ்வாறு உதவியிருக்கக் கூடாது என்பது விதி. முன்பின் தெரியாத ஊரில் அப்படி ஒருவரைத் தேடுவது எளிதன்று.

மறுநாள் கண்காட்சியில் ஓர் அலுமினியப் பாத்திர வியாபாரியிடம் என் பெயரட்டையை நீட்டினேன். பதிலுக்கு அவர் வீசாட் குறியீடு தெரியும்படி கைபேசியை நீட்டினார். அங்கே விலைப்பட்டியல், மாதிரிப் படங்கள், பேரம் எல்லாமே அதற்குள்தான் நடக்கின்றன. என் நிலையைச் சொன்னதும் அவரே என் குறியீட்டை ஸ்கேன் செய்து கணக்கைத் திறக்க உதவினார். அந்த மனிதருக்கு இன்றும் நன்றியுடையவனாக இருக்கிறேன்.

2025 ஏப்ரலில் மறுபடி போனபோது, உடன் வந்த நண்பருக்கு மூன்று வாரத்துக்கு முன்பே, எங்கள் அலுவலகச் சீனத் தோழி ஒருவரை நேரில் ஸ்கேன் செய்யச் சொல்லிக் கணக்கைத் திறந்துகொடுத்தேன். கடவுச்சீட்டு விவரங்களைப் பதிந்து பணம் செலுத்துவதற்கான விசா (Visa) வங்கி அட்டையையும் இணைத்தோம். 200 யுவானுக்கு மேற்பட்ட ஒவ்வொரு செலவுக்கும் 3 விழுக்காடு கட்டணம் உண்டு என்பதால் சிறு தொகைகளுக்கே அதைப் பயன்படுத்தினோம். வங்கியின் ஓடிபி சிங்கப்பூர் எண்ணுக்குத்தான் வரும். அங்கே புது சிம் வாங்கினாலும் பழையதைக் கழற்றிவிடாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களையும் மறக்கக் கூடாது. சீனாவின் வைஃபையில் வாட்ஸ்அப் இயங்காது என்பதால், சிங்கப்பூரின் ஈசூனில் இருக்கும் அம்மாவின் கைபேசியில் வாட்ஸ்அப்புக்குப் பக்கத்திலேயே வீசாட்டையும் வைத்து, நான்கு நாள் பேசிப் பழக்கிவிட்டுத்தான் கிளம்பினேன். தஞ்சாவூரில் இருக்கும் மாமியாருக்கு அந்த வழி இல்லை. இந்தியா 2020 ஜூனில் வீசாட்டைத் தடைசெய்துவிட்டது. சிங்கப்பூர் சிம்மின் ரோமிங் இணையத்தில் வாட்ஸ்அப் வேலை செய்யும் என்பதால், இரவில் வைஃபையை அணைத்துவிட்டு அதில் அவரை அழைத்துப் பேசினேன்.