கறுப்புப் படலம் விடிவதற்குள் மஞ்சளாகிறது, ஏன்?

லேப்மாலதி: சென்னையில் பிஎச்டி செய்கிறேன். பெரோவ்ஸ்கைட் (ஒருவகைப் படிக அமைப்பு) சோலார் செல்லுக்காக ஃபார்மமிடினியம் லெட் (ஈய) அயோடைடு படலம் போடுகிறேன். ஸ்பின் கோட்டரில் (கரைசலைச் சுழற்றிப் பரப்பும் கருவி) சுற்றும்போது குளோரோபென்சீன் சொட்டி, 150 டிகிரியில் வைத்தால் அருமையான கறுப்பு. மேசையில் விட்டுப் போனால் காலையில் மஞ்சள். பொருள் சிதைந்து லெட் அயோடைடு பிரிந்துவிட்டது என்கிறார் கைடு. எனக்கு ஒப்பவில்லை.

பழைய போஸ்ட்டாக்: எக்ஸ்ஆர்டி (படிக அடுக்கைக் காட்டும் எக்ஸ்-கதிர் சோதனை) எடுத்தீங்களாம்மா? சாதாரண செம்பு எக்ஸ்-கதிர்க் குழாயில் 12.7 டிகிரி கோணத்துக்கிட்ட உச்சம் வந்தா சார் சொல்றதுதான். 11.8 கிட்ட வந்தா டெல்டா நிலை. பொருள் சிதையல, படிக அடுக்குதான் மாறியிருக்கு. அறை வெப்பத்தில் அதுக்கு மஞ்சள்தான் இயல்பு, ஈரக்காத்து அவசரப்படுத்தும்.

லேப்மாலதி: 11.8தான்! மறுபடி 150-ல் வைத்தால் கறுப்பாகவும் திரும்புகிறது.

குளோவ்பாக்ஸ்குரு: அப்ப சீசியம் 10–15 சதவீதம் கலந்து பாருங்க. ஃபார்மமிடினியம் அயனி, ஈயமும் அயோடைடும் கட்டுற படிகக் கூண்டுக்குக் கொஞ்சம் பெருசு, சின்ன சீசியம் சேர்ந்தா கறுப்பு நிலை தாங்கும். சீசியம் அயோடைடு டிஎம்எஃப் கரைப்பானில் லேசில் கரையாது, டிஎம்எஸ்ஓ கரைப்பானில் தனியா கரைச்சு சேருங்க. மிச்சத்தை சிங்க்கில் ஊத்திடாதீங்க, ஈயம்!