வீட்டிலேயே ஹெட் போர்ட்டிங்: தொடலாமா, கூடாதா?

மாருதி796:
கார்பரேட்டர் மாருதி 800 வைத்திருக்கிறேன். கேஸ்கெட் மாற்ற, எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியாச்சு. டை கிரைண்டர் (கையில் பிடித்துத் தேய்க்கும் சுழல் கருவி) கையில் இருக்கிறது, காற்றும் பெட்ரோலும் சிலிண்டருக்குள் போகும் வழியான இன்டேக் போர்ட்டை கேஸ்கெட் அளவுக்குப் பெரிதாக்கி கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

லேத்கோவை:
தம்பி, கிரைண்டரைக் கீழே வை. 796 சிசியை மூன்றாகப் பிரித்தால் ஒரு சிலிண்டருக்கு 265 சிசிதான், அந்தச் சின்ன சிலிண்டருக்குப் பெரிய போர்ட் கொடுத்தால் காற்றின் வேகம் விழுந்து, கீழ் ஆர்பிஎம்மில் வண்டி இழுக்கவே இழுக்காது. கண்ணாடிப் பாலிஷும் இன்டேக்குக்கு வேண்டாம், பெட்ரோல் துளி காற்றோடு கலக்காமல் சுவரில் வழியும். பட்டறைக்கு வருகிற வீட்டு வேலை ஹெட்களில் நான் பார்ப்பது பெரும்பாலும் வால்வு வந்து உட்காரும் சீட்டில் பர் (கிரைண்டரில் மாட்டும் பல் வைத்த முனை) பட்ட கீறல்தான். அப்புறம் கம்ப்ரஷன் எங்கே நிற்கும்?

புகைக்குழல்:
அண்ணா, பெரிதாக்கக் கூடாது என்பது சரி. வீட்டில் தொடவே கூடாது என்பதை ஏற்க மாட்டேன். சீட் வளையமும் அலுமினியமும் சேரும் இடத்தில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள், வார்ப்பில் விட்ட ஒரு படி தட்டுப்படும். காற்று தடுக்குவது அங்கேதான். நான் பழைய வால்வைப் போட்டு சீட்டை மறைத்துக்கொண்டு, பர்ரில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து (இல்லையென்றால் அலுமினியம் பல்லில் அப்பிக்கொள்ளும்) அந்தப் படியை மட்டும் எடுத்தேன், பிறகு 80 நம்பர் உப்புத்தாள், அவ்வளவுதான். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டை மட்டும் வழவழப்பாக்கினேன்.

லேத்கோவை:
மூன்று போர்ட்டும் ஒரே மாதிரி வந்ததா? காற்றோட்டம் அளக்கும் ஃப்ளோ பெஞ்ச் இல்லாமல் கண்ணால் பார்த்துச் சொல்லாதே.

புகைக்குழல்:
வேக்குவம் கிளீனர், ப்ளைவுட் பலகை, தண்ணீர் ஊற்றிய யூ வடிவக் குழாய். வால்வை மூன்றிலும் 6 மில்லிமீட்டர் திறந்து வைத்து இழுத்தால், காற்று குறைவாகப் போகும் போர்ட்டில் தண்ணீர் அதிகம் ஏறும். நடுப் போர்ட்டில் ஒரு விரற்கடை அதிகம் ஏறியது, திரும்பத் தேய்த்துச் சரிசெய்தேன். எத்தனை கனஅடி என்று இது சொல்லாது, ஆனால் மூன்றும் சமமா என்று சொல்லும்.

லேத்கோவை:
ஒப்பிட அது போதும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போர்ட்டின் அடித்தரை வால்வை நோக்கி வளைகிற இடம் இருக்கிறதே, அங்கே அரை மில்லி கூடுதலாகப் போனாலும் காற்று தரையை விட்டுப் பிரிந்துவிடும். எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது.

புகைக்குழல்:
என் முதல் ஹெட் அதைவிட மோசம். சுவரைத் தேய்த்துக்கொண்டே போய் உள்ளே குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் ஜாக்கெட்டே தெரிந்துவிட்டது. அதை எடைக்குப் போட்டேன். அதனால்தான் தம்பி, சென்னை புதுப்பேட்டை பழைய வண்டிச் சாமான் கடைகளில் பழைய ஹெட் ஒன்று வாங்கி அதில் கை பழகு.

மாருதி796:
வேகம் கூடியதா அண்ணா?

புகைக்குழல்:
மேல் ஆர்பிஎம்மில் கொஞ்சம் சுதந்திரமாக ஏறுகிறது, பெரிய மாற்றம் என்று சொல்ல மாட்டேன். ஐடிலிங் நன்றாக நிற்கிறது. கார்பரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை ஒரு அளவு ஏற்ற வேண்டி வந்தது.

லேத்கோவை:
முதலில் சீட்டை 30, 45, 60 டிகிரி மூன்று கோணத்தில் வெட்டிக்கொண்டு வா. அது கட்டர் வைத்திருக்கிற பட்டறை வேலை, வீட்டில் ஆகாது. அதற்குப் பிறகும் போர்ட்டைத் தொட ஆசை இருந்தால் படியை மட்டும் எடு, அடித்தரை வளைவில் கை வைக்காதே.