மாரிஸ் மைனர் சிலிண்டர் ஹெட்டில் பெயர் தெரியாத ஒரு துளை

உட்லண்ட்ஸ்வாசி:

வணக்கம். அப்பா விட்டுச்சென்ற மாரிஸ் மைனர் 1000 கார், 1098 சிசி எஞ்சின். எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தாள் (ஹெட் கேஸ்கெட்) எரிந்துபோனதால் ஹெட்டைக் கழற்றி, அடிமுகத்தைச் சமமாகச் சீவுவதற்காக ஒரு பட்டறையில் கொடுத்தேன். திரும்பி வந்தபோது ஹெட் புதுப் பாத்திரம்போல் பளபளத்தது. கூடக் கொடுத்தனுப்பிய பையில்தான் பாதிச் சாமான்களைக் காணோம். கேட்டால், "வந்ததெல்லாம் இதுதான்" என்கிறார்கள்.

இப்போது அது எங்கள் சாப்பாட்டு மேசையில், நேற்றைய தமிழ் முரசின்மேல் படுத்திருக்கிறது. நாங்கள் இரண்டு நாள்களாக நின்றுகொண்டு சாப்பிடுகிறோம்.

சிக்கல் இதுதான். பின்முனையில், நான்காவது சிலிண்டர் பக்கம், தட்டையான ஒரு முகம் இருக்கிறது. அதில் மரை இல்லாத ஒரு துளை, சுண்டுவிரல் நுழைகிறது. இருபுறமும் ஒவ்வொரு ஸ்டட் (தலையில்லாத மரையாணி). வண்டியில் இருந்தபோது அங்கே எந்தக் குழாயும் மாட்டியிருக்கவில்லை என்பது மட்டும் உறுதி. கழற்றும்போது படம் எடுக்கவில்லை, திட்டுங்கள். இது என்ன துளை? எதைக்கொண்டு அடைப்பது?

அவசரக்காரன்:

இரண்டு குழம்பையும் பிசைந்து பூசும் எப்பாக்சி கிடைக்கிறதே, அதைத் திணித்துவிட்டு ஓட்டுங்கள். என் மோட்டார்சைக்கிளில் மூன்று வருடமாக நிற்கிறது.

செம்பவாங் பிட்டர்:

தம்பி, எப்பாக்சியைக் கையில் எடுக்குமுன் அந்தத் துளைக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கப்பல் பட்டறையில் நான் பழகிய காலத்தில் மூத்தவர்கள் முதலில் விரலைத்தான் விடச் சொல்வார்கள். விரலில் செம்மண் நிறத் துரு வந்தால் தண்ணீர். ஈரக் கறுப்பு என்றால் எண்ணெய். உலர்ந்த கரி என்றால் புகை. உங்கள் சுண்டுவிரல் என்ன நிறத்தில் வந்தது?

அடுத்து, ஹெட்டை வண்டியில் இருப்பதுபோல் நிமிர்த்தி, அடியில் இரண்டு கட்டை கொடுத்து, துளையில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எந்த வழியாக வெளியே வருகிறதோ அதுதான் அதன் சொந்தக்காரன்.

உட்லண்ட்ஸ்வாசி:

செங்கல் பொடிபோல் துரு, ஐயா. தண்ணீர் அடிமுகத்திலுள்ள நீர்த்துளைகள் வழியாகவும் வந்தது, முன்னால் தெர்மோஸ்டாட் (தண்ணீர் சூடாகும்வரை ரேடியேட்டர் வழியை மூடிவைக்கும் வால்வு) உட்காரும் குழிக்குள்ளும் தெரிந்தது. வால்வு அறைகளில் ஒரு சொட்டுக்கூட இல்லை. தமிழ் முரசு நனைந்து மேசையோடு ஒட்டிக்கொண்டது.

செம்பவாங் பிட்டர்:

அப்படியானால் அது ஹீட்டர் குழாய்த் திறப்பு. உங்கள் வண்டியிலுள்ள இந்த ஏ-சீரிஸ் வகை எஞ்சின் குளிர்நாட்டில் பிறந்தது. வெந்நீர் ஹெட்டின் பின்முனையிலிருந்து ஒரு குழாய்த்திருகு வழியாக ஹீட்டருக்குப் போய், காரில் இருப்பவர்களின் காலைச் சுடவைத்துவிட்டு, ரேடியேட்டரின் கீழ்க்குழாய்க்குத் திரும்பும். இந்தச் சிங்கப்பூர் வெயிலில் அது யாருக்கு வேண்டும்? ஹீட்டர் இல்லாத வண்டியில் அந்த இரண்டு ஸ்டட்டிலும் ஒரு மூடித் தகடு உட்கார்ந்திருக்கும். உங்கள் பையில் தொலைந்தது அந்தத் தகடுதான்.

எப்பாக்சி சொன்ன தம்பிக்கு: ரேடியேட்டர் மூடி அழுத்தத்தை உள்ளே பிடித்துவைக்கிறது. வார்ப்பிரும்பு சூடேறி விரிந்து, ஆறிச் சுருங்கும். துருவின்மேல் ஒட்டிய பசை ஒருநாள் விரைவுச்சாலை நடுவில் தெறிக்கும். தண்ணீர் வடிந்து எஞ்சின் கொதித்தால் ஹெட்டே வளையும்.

தகட்டை நீங்களே செய்யலாம். 6 மில்லிமீட்டர் இரும்பு எடுங்கள். மெல்லிய தகடு இரண்டு நட்டுக்கும் நடுவில் வில்போல் வளைந்து பக்கவாட்டில் கசியும். கேஸ்கெட் தாளை அந்த முகத்தின்மேல் அழுத்திப் பிடித்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பைச் சுற்றி மெதுவாகத் தட்டினால் தாள் தானே வெட்டுப்பட்டுவிடும். அளவெடுக்கும் வேலையே இல்லை. நட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஸ்டட் முறிந்தால் மறுபடி பட்டறைக்குத்தான்.

ரேடியேட்டர் கீழ்க்குழாயில் கிளை இருந்தால் அதையும் மூடவேண்டும். ஆனால் முன்பக்கம் ஹெட்டுக்கும் வாட்டர் பம்புக்கும் நடுவே கட்டைவிரல் நீளத்தில் ஒரு ரப்பர் குழாய் வருமே, அதன்மேல் கைவைக்காதீர்கள். ஹீட்டரும் இல்லை, தெர்மோஸ்டாட்டும் இன்னும் திறக்கவில்லை என்றால் தண்ணீர் சுற்ற அது ஒன்றுதான் வழி.

மினிக்காரர்:

மரை உள்ள துளையாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. 1/8 அங்குலக் குழாய் மரையில் பிரிட்டிஷ் வகைக்கு அங்குலத்துக்கு 28 சுற்று, அமெரிக்க வகைக்கு 27. மாற்றிப் போட்டால் முதல் இரண்டு சுற்று வெண்ணெய்போல் இறங்கும், பிறகு கடிக்கும். "சற்று முறுக்கினால் போய்விடும்" என்று நினைத்த இடத்தில்தான் என் தெர்மாமீட்டர் துளை பாழானது.

உட்லண்ட்ஸ்வாசி:

ஐயாவின் பேச்சைக் கேட்காமல் முதலில் வீட்டில் கிடந்த 2 மில்லிமீட்டர் தகட்டைப் போட்டேன். எஞ்சின் சூடானதும் கிளச் உறையின்மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. நேற்று ஜாலான் புசாரில் ஓர் இரும்புக்கடையில் 6 மில்லிமீட்டர் வெட்டுத்துண்டு கிடைத்தது. கடைக்காரர் காசு வாங்கவில்லை. கண்ணாடிமேல் உப்புத்தாள் விரித்து ஒரு முகத்தைத் தேய்த்துச் சமமாக்கினேன். இன்று காலை நாற்பது நிமிடம் ஓடவிட்டேன். டிஷ்யூத்தாளை விளிம்பில் ஓட்டிப் பார்த்தேன், உலர்ந்தே இருக்கிறது.

ஆனால் தெர்மோஸ்டாட் குழியில் தெர்மோஸ்டாட்டே இல்லை. அப்பா எப்போதோ கழற்றி எறிந்திருக்கிறார். அப்படியே விடலாமா?

செம்பவாங் பிட்டர்:

அந்தக் காலத்தில் இங்கே பலரும் செய்ததுதான். வெறுமனே எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் அந்தச் சின்ன ரப்பர் குழாய் வழியாகவே திரும்பிவிடும். தெர்மோஸ்டாட் இருந்த இடத்தில், அந்தக் குழாய்க்குப் போகும் வழியை மூடும் வளையம் ஒன்று போடவேண்டும். அல்லது புதுத் தெர்மோஸ்டாட்டே வாங்கிப் போடுங்கள், நான் அதைத்தான் செய்வேன். குழியின் உட்சுவரைப் படம் எடுத்துப் போடுங்கள், வளையம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.