சயாம் ரயில் பாதையைப் பார்க்கச் சுற்றுலாவில் ஒரு நாள் ஒதுக்கலாமா?

தக்கலைக்காரன்:

ஏப்ரல் விடுமுறையில் மனைவி, மாமியார், பதின்மூன்றும் ஒன்பதும் வயதான இரண்டு பிள்ளைகள் ஆகியோருடன் தாய்லாந்து செல்வதற்குத் திருவனந்தபுரத்திலிருந்து விமானச்சீட்டு எடுத்திருக்கிறேன். பாங்காக், பட்டாயா என்பதே முதல் திட்டம். ஆனால் என் ஆச்சியின் தம்பி ஒருவர் மலாயா ரப்பர் தோட்டத்திற்குப் போய், ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அதன்பின் எந்தத் தகவலும் இல்லாமல் போனவர் என்பதைச் சீட்டு எடுத்த பிறகுதான் என் அப்பா நினைவுபடுத்தினார். இறந்த நாள் தெரியாததால், ஆச்சி இருந்தவரை ஆடி அமாவாசைக்குக் குழித்துறை ஆற்றில் வாவுபலி இடும்போது அவருக்கும் சேர்த்து ஓர் உருண்டை வைக்கச் சொல்வார்.

அந்தப் பாதை செல்லும் தாய்லாந்து ஊரான காஞ்சனபுரிக்கு ஒரு நாள் போதுமா? அங்குள்ள போர்க் கல்லறைகளில் அவர் பெயரைத் தேட வழியுண்டா? ஒரு நாள் கல்லறை, மறுநாள் கடற்கரை என்று போவது முறையா என்ற உறுத்தலும் இருக்கிறது.

வடசேரி வாசகர்:

பாங்காக்கில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். பெயரைத் தேடிப் போகாதீர்கள், கிடைக்காது. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நெதர்லாந்து முதலிய நாடுகளின் போர்க்கைதிகள். கைதிகள் யாரை எங்கே புதைத்தோம் என்பதை ஜப்பானியருக்குத் தெரியாமல் குறித்து வைத்திருந்ததால்தான், போர் முடிந்ததும் காட்டுப் பாதை நெடுகத் தேடி, எடுத்து வந்து, ஆளுக்கொரு வெண்கலப் பெயர்ப்பலகை வைக்க முடிந்தது. தோட்டத் தொழிலாளர்களுக்கு அப்படிக் குறித்து வைக்க யாரும் இல்லை. 1943இல் காலரா பரவியபோது அவர்களை எரித்த இடமும் குழியில் தள்ளிய இடமும் காடாகிவிட்டன. 415 கிலோமீட்டர் பாதையில் கைதிகள் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள் என்று சொல்ல முடிகிறது. ஆசியத் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்பதற்கு மதிப்பீடுகள்தாம் இருக்கின்றன, அவை எல்லாமே அதைவிடப் பல மடங்கு.

ஆகவே எல்லோரும் பார்க்கும் க்வாய் ஆற்று ரயில் பாலத்தோடு திரும்பிவிடாமல் ஊருக்குள் இருக்கும் தாவோர்ன் வராராம் விகாரைக்குச் செல்லுங்கள். தோண்டியபோது கிடைத்த தொழிலாளர்களின் எலும்புகள் அங்கே மறு அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றன. அண்மையில் மலேசியத் தமிழர்களின் முயற்சியால் அங்கே ஒரு நடுகல்லும் வைக்கப்பட்டிருக்கிறது. பாலத்தின் அருகில் ஜப்பானியர்களே 1944இல் எழுப்பிய நினைவுத்தூண் ஒன்றும் உண்டு. வேலை வாங்கிச் சாகடித்தவர்களே எழுப்பியது என்பது கசப்பாகத்தான் இருக்கும். ஆயினும் அதில் பொறித்துள்ள மொழிகளில் தமிழும் ஒன்று.

கல்லறைக்குப் பக்கத்திலேயே உள்ள ரயில் பாதை அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டால் மற்ற இடங்கள் விளங்கும். பாறையைக் கையால் குடைந்த ஹெல்ஃபயர் கணவாய் எண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது; அதற்கு நடக்க வேண்டும், மாமியாருக்குச் சிரமம். ஓர் இரவு தங்கினால் எல்லாம் நிதானமாக முடியும்.

பழைய ஹவில்தார், களியக்காவிளை:

தம்பி, கடற்கரைக்குப் போவதில் தவறு எதுவும் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் நடந்துகொள்வதில்தான் விஷயம் இருக்கிறது. அங்கே பெயர்ப்பலகைகள் தரையை ஒட்டித் தாழ்வாக இருக்கும், இடையிடையே பூச்செடிகள் இருக்கும். பிள்ளைகள் தாண்டிக் குதிக்கத் தோன்றும் அமைப்பு அது. முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பல பலகைகளில் குடும்பத்தார் எழுதிக் கொடுத்த ஒரு வரி இருக்கும். மூத்த பிள்ளையிடம் பத்துப் பலகைகளையாவது நின்று படிக்கச் சொல்லுங்கள், வயதையும் சேர்த்து.

அதற்கு முன் உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் உதயகிரிக் கோட்டையைக் காட்டினீர்களா? 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய், பிறகு அதே மன்னரின் படையைப் பயிற்றுவித்து, 1777இல் இறந்து அங்கேதான் கிடக்கிறார். கூரையில்லாத தேவாலயத்திற்குள் அவர் கல்லறையும், பக்கத்திலேயே அவருடைய மனைவியின் கல்லறையும், களக்காட்டுப் போரில் இறந்த மகனின் கல்லறையும் இருக்கின்றன. குளச்சல் வெற்றித்தூணையும் பார்த்துவிடுங்கள். நம் ஊர்க்காரர்கள் தூணைப் பார்ப்பார்கள், கல்லறையைப் பார்க்கமாட்டார்கள்.

பாறசாலைத் தமிழன்:

நான் சற்று மாறுபடுகிறேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அருங்காட்சியகத்தின் எலும்பும் தோலுமான படங்கள் வேண்டாம். இளையவரைப் பாட்டியுடன் பாலத்து ரயிலில் ஏற்றிவிட்டு, மற்றவர்கள் உள்ளே செல்லலாம். இன்னொன்று: பாலத்தின் நடுவில் கோண வடிவில் இருக்கும் இரண்டு கண்கள் குண்டுவீச்சுக்குப் பிறகு மாற்றியவை, வளைந்தவையே பழையவை. பாலத்தில் நின்று படம் எடுக்கும் கூட்டத்தில் அதைக் கவனிப்பவர் குறைவு.

தக்கலைக்காரன்:

மூவருக்கும் நன்றி. காஞ்சனபுரியில் ஓர் இரவு தங்கப் பதிவு செய்துவிட்டேன். பட்டாயா ஒரு நாள் குறைந்ததில் மாமியாருக்குத்தான் மகிழ்ச்சி. ஞாயிற்றுக்கிழமை உதயகிரிக்குச் சென்றோம். டி லனாய் கல்லறைக் கல்வெட்டில் லத்தீனுக்குப் பக்கத்தில் தமிழைக் கண்டதும் மகள் கீழே உட்கார்ந்து, தேய்ந்துபோன எழுத்துகளின்மேல் விரல் ஓட்டிப் படிக்க முயன்றாள். முப்பத்தேழு ஆண்டுகள் உண்மையாய் ஊழியம் செய்தவர் என்று லத்தீன் பகுதி சொல்வதை விளக்கியதும், "பிடிபட்டவர் ஏன் ஊருக்குத் திரும்பவில்லை?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை.

ஒரே ஒரு கேள்வி மீதம் இருக்கிறது. காஞ்சனபுரி விகாரையில் ஆச்சியின் தம்பிக்கு நாங்கள் ஓர் உருண்டை வைக்க வேண்டும் என்று என் அப்பா ஆசைப்படுகிறார். பச்சரிசியும் எள்ளும் இங்கிருந்து கொண்டுபோக வேண்டுமா?

வடசேரி வாசகர்:

வேண்டாம். பாங்காக்கில் பாஹுரத் பகுதியில் நம் நாட்டுக்காரர்களின் மளிகைக் கடைகள் இருக்கின்றன, இரண்டும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். விகாரைக்குள் நுழைந்ததும் அங்குள்ள பிக்குகளிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.