அப்டேட்: கொட்டாங்குச்சி கரியும் குரோமியமும்

போன மாசம் இங்க புலம்பியிருந்தேன்ல, கொட்டாங்குச்சிய சுட்டு கரியாக்கி ராணிப்பேட்டை பக்கம் எடுத்த கிணத்துத் தண்ணில போட்டும் குரோமியம் கொறையவே இல்லன்னு, அதோட அப்டேட் இது.

தப்பு கரில இல்ல, பிஹெச்ல (தண்ணி எவ்ளோ ஆசிட்னு சொல்ற நம்பர், கொறஞ்சா ஆசிட் ஜாஸ்தி). குரோமியம்-6ங்கற குரோமிய வடிவம் தண்ணில ஈயம், காட்மியம் மாதிரி பிளஸ் சார்ஜோட இருக்காது, ஆக்சிஜனோட சேந்து குரோமேட்டா மைனஸ்ல இருக்கும். நான் பிஹெச் 7.5லயே வச்சு ஆட்டிட்டு இருந்திருக்கேன், அங்க கரி மேலயும் மைனஸ்தான், அப்புறம் எப்டி ஒட்டும்? ஆசிட் விட்டு 2க்கு எறக்குனதும் டைபினைல்கார்பசைடுங்கற டெஸ்ட் கெமிக்கல் ஊத்துனா குரோமியத்துக்கு வர்ற ஊதா கலரே காணோம். லேப்ல குதிச்சுட்டேன்.

கைடு மட்டும் சிரிக்கல. "ஊதா போச்சு சரி, குரோமியம் போச்சாப்பா?"ன்னு கேட்டாரு. அந்த டெஸ்ட் 6ஐ மட்டும்தான் காட்டும், ஆசிட்ல கரியே 6ஐ குரோமியம்-3ங்கற இன்னொரு வடிவமா மாத்திடும், அந்த 3 தண்ணிலயே நிக்கும். ஏஏஎஸ்ல (எந்த வடிவமா இருந்தாலும் உலோகத்த அளக்குற மெஷின்) மொத்த குரோமியம் பாத்தா பாதிக்கு மேல அப்டியே இருக்கு! குடிதண்ணிக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) லிமிட் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், அதுவும் மொத்த குரோமியத்துக்கு.

இப்ப கரிய வடிகட்டிட்டு சுண்ணாம்பு போட்டு பிஹெச்ச 8 கிட்ட ஏத்துறேன், 3 பச்சையா மண்டியா அடில படியுது. அடுத்த வாரம் மறுபடி ஏஏஎஸ்.

அப்புறம், வீட்டுக் கிணத்துல கரி மூட்டைய எறக்கலாமான்னு கேட்ட அண்ணே, வேணாம். அந்தத் தண்ணி பிஹெச்ல வேலைக்காகாது.