இடி இடித்தால் நடுங்கும் நாய், கூடவே பதறும் அம்மா: வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். இடி இடித்தாலே எங்கள் நாய் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்கிறது. மூச்சு வாங்குகிறது, எச்சில் ஒழுகுகிறது, மழை விட்ட பிறகும் வெளியே வருவதில்லை. அதைப் பார்த்து அம்மாவுக்கும் படபடப்பு வந்து கை சில்லிட்டுப் போகிறது.

அம்மாவுக்கு 4 நொடி மூச்சை இழுத்து 6 நொடி மெதுவாக விடுவது கொஞ்சம் கைகொடுக்கிறது. மூச்சை விடும்போதுதான் இதயத் துடிப்பு தணியும், அதனால் விடும் நேரம் நீள வேண்டும். ஆனால் பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது எண்ணவே முடியவில்லை என்கிறார். அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

நாய்க்கு ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை ஓடவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து தடவிக்கொடுக்கிறேன். தடவினால் பயம் கூடும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. பயந்த உயிருக்குத் துணை வேண்டும். பதிவு செய்த இடிச் சத்தத்தை மிகக் குறைவாக வைத்து, தின்பண்டம் கொடுத்து, போகப்போகக் கூட்டும் முறையை யாராவது செய்து பார்த்தீர்களா? எப்போது கூட்டலாம் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? அப்புறம், உடம்போடு இறுக்கிப் போடும் சட்டை பலன் தந்ததா?

மனிதருக்கான மாத்திரை எதையும் தயவுசெய்து சொல்ல வேண்டாம். மருந்து என்றால் கால்நடை மருத்துவரிடம்தான் கேட்பேன்.