நாயின் கண்ணில் போட்டது சொட்டு மட்டுமா, ஊசியுமா?

வைகைக்கரை
நேற்று மருதம் ஐயா எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அவர் எழுதியது இது: "கண்புரைக்கு இனிக் கத்தி தேவையில்லை. 2015இலேயே சொட்டு மருந்து வந்துவிட்டது. நாய்களின் கண்ணில் சொட்டு விட்டே புரையைக் கரைத்துக் காட்டிவிட்டார்கள். அறுவை செய்து பிழைப்பவர்கள்தாம் இதை மறைக்கிறார்கள்." இதை எத்தனை பேர் ஆமோதித்திருக்கிறீர்கள் என்று பார்த்தேன். வயிறு எரிகிறது.

31 ஆண்டுகள் கண் அறுவை அரங்கில் உதவியாளனாக நின்றவன் நான். அந்த ஆய்வைப் பற்றி எனக்கும் தெரியும். லானோஸ்டீரால் என்ற பொருளைப் பற்றிய ஆய்வு. நாய்களுக்குச் சொட்டு மட்டும் விடவில்லை. கண்ணுக்குள் ஊசியும் போட்டார்கள். மூன்று நாளைக்கு ஒரு முறை ஊசி, ஆறு வாரம். அந்த ஊசியை ஏன் மறைத்தீர்கள் ஐயா?

என் பெரியம்மா இணையத்தில் விற்ற ஏதோ ஒரு சொட்டு மருந்தை நம்பி இரண்டு ஆண்டு கடத்தினார். புரை முற்றிக் கண்ணில் நீர் அழுத்தம் ஏறி, நள்ளிரவில் தலை வெடிக்கிறது என்று கதறியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இன்று அந்தக் கண்ணுக்கு விளக்கு எரிகிறதா அணைந்திருக்கிறதா என்பது மட்டும்தான் தெரியும். ஆகவே இது எனக்கு வெறும் வாதம் இல்லை.

மருதம்
உங்கள் பெரியம்மாவுக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன். ஆனால் அவர் விட்டது லானோஸ்டீரால் இல்லையே? எவனோ விற்ற தண்ணீருக்கு நேச்சர் இதழில் வந்த ஆய்வு எப்படிப் பொறுப்பாகும்?

நான் வேதியியல் கற்பித்தவன். அந்த ஆய்வின் அழகு உங்களுக்குத் தெரியவில்லை. பிறவியிலேயே கண்புரை உள்ள குழந்தைகள் இருந்த இரண்டு குடும்பங்களை ஆராய்ந்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு லானோஸ்டீராலை உண்டாக்கும் நொதியின் மரபணுவில் பிழை. கொலஸ்டிரால் என்ற கொழுப்பு உருவாகும் வழியில் இடையில் தோன்றி மறையும் ஒரு பொருள், கண்வில்லையைத் தெளிவாக வைத்திருக்க உதவுகிறது என்ற முடிவுக்கு அங்கிருந்துதான் வந்தார்கள். பிறகு முயல் வில்லைகளில் சோதித்தார்கள், நாய்களில் சோதித்தார்கள். மங்கல் குறைந்தது.

நேரடியாகக் கேட்கிறேன். நாய்களுக்குச் சொட்டு விட்டார்களா, இல்லையா?

வைகைக்கரை
விட்டார்கள். ஊசியும் போட்டார்கள்.

மருதம்
சொட்டு விட்டார்கள் என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி. நான் எழுதியதில் பொய் இல்லை என்று இப்போது எல்லாருக்கும் விளங்கியிருக்கும்.

வைகைக்கரை
ஒப்புக்கொள்வதா! சோற்றையும் குழம்பையும் சேர்த்து உண்டவனைக் காட்டி, சோறு மட்டும் தின்றுதான் வயிறு நிறைந்தது என்பீர்களா? ஊசி ஐயா, ஊசி. விழிக்கோளத்துக்குள் ஊசி இறங்கியது.

கயல்
மருந்தியல் படித்தவள் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். முதல் ஆய்வு வந்த அதே 2015இல் பெங்களூரு மருத்துவர்கள், அறுவையில் வெளியே எடுத்த முதியவர்களின் புரைகள் 40ஐச் சோதித்தார்கள். சிலவற்றை லானோஸ்டீரால் கரைசலிலும் மற்றவற்றை வெறும் கரைசலிலும் ஆறு நாள் ஊறவைத்தார்கள். லானோஸ்டீராலில் கிடந்தவை கொஞ்சமும் தெளியவில்லை. அடுத்து, 2019இல் அமெரிக்காவில் எலிக் கண்ணின் வில்லைகளை வைத்துத் திரும்பச் செய்து பார்த்தார்கள். அங்கும் தோல்வி.

இன்னொன்றும் கேட்க வேண்டும். "கரைந்தது" என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? மங்கல் ஒரு படி குறைந்தாலே கரைந்ததாகுமா? பார்வை திரும்ப வேண்டுமா? இதை முடிவு செய்யாமல் எதை வாதிடுகிறீர்கள்?

மருதம்
பெங்களூரு ஆய்வைச் சொல்லி மிரட்ட வேண்டாம் அம்மா. லானோஸ்டீரால் தண்ணீரில் கரையாத பொருள். நெய்யைப் போலத் தனியே நிற்கும். அதைக் கரைசலாக்குவதிலேயே பாதி வித்தை இருக்கிறது. மேலும் அவர்கள் எடுத்துக்கொண்டது உடலை விட்டு வெளியே வந்த, முற்றிக் கெட்டிப்பட்ட புரை. காய்ந்த விறகில் தளிர் வரவில்லை என்பதால் மரமே தளிர்க்காது என்று சொல்லலாமா?

வைகைக்கரை
அகப்பட்டுக்கொண்டீர்கள் ஐயா! கரையாத பொருள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கரையாத பொருள் கருவிழியைத் தாண்டி வில்லை வரைக்கும் எப்படிப் போகும்? போகாது என்ற ஐயம் இருந்ததால்தானே அதை நுண்துகள்களில் ஏற்றிக் கண்ணுக்குள் ஊசியாகச் செலுத்தினார்கள்? உங்கள் வேதியியலே என் ஊசிக்குச் சாட்சி.

முற்றிய புரை என்கிறீர்களே, அதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் ஆயிரக்கணக்கில் பார்த்தேன். முகாமிலிருந்து வரும் கிராமத்துப் பாட்டிகளுக்கு வில்லை புளியங்கொட்டை நிறத்துக்கு வந்திருக்கும். மருத்துவர் அதை வெளியே எடுத்துத் தட்டில் வைக்கும்போது "டிக்" என்று ஓசை கேட்கும். அவ்வளவு கெட்டி. அறுபது, எழுபது ஆண்டுகளாக வெயிலும் சர்க்கரையும் வயதும் சேர்ந்து இறுக்கிய புரதம் அது. அவித்த முட்டையின் வெள்ளைக்கருவை மறுபடி நீராக்கும் வேலை. இதைச் சொட்டு விட்டுக் கரைக்கலாம் என்று ஒரு பாட்டியிடம் சொல்ல எனக்கு நா எழாது.

தஞ்சைத்தரணி
எல்லாரும் அமெரிக்காவைப் பற்றியே பேசுகிறீர்கள். 200 ஆண்டுகளுக்கு முன்பே எங்கள் தஞ்சையில் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால் வைத்துக் கண் வைத்தியம் பார்த்தார். நோயாளிகளின் கண்களைப் படமாக வரைந்து, என்ன குறை, என்ன சிகிச்சை என்று குறித்துவைத்த ஏடுகள் இன்றும் சரசுவதி மகாலில் இருக்கின்றன. அதைப் பற்றி ஒருவராவது பேசினீர்களா?

இளவேனில்
சரபோஜி மராட்டிய மன்னர். "எங்கள்" என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

தஞ்சைத்தரணி
தஞ்சையில் ஆண்டவர், தஞ்சைக்காரருக்கு வைத்தியம் பார்த்தவர், எங்களவர்தான். நீங்கள் எந்த ஊர்? ஊரைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

வைகைக்கரை
தஞ்சைத்தரணி அவர்களே, அந்த ஏடுகள் மீது எனக்கும் பெருமை உண்டு. நோயாளியின் கண்ணை உற்றுப் பார்த்து, பார்த்ததை எழுதிவைக்கும் ஒழுங்கு அந்தக் காலத்திலேயே இருந்தது என்பதற்குச் சாட்சி அவை. அந்த ஒழுங்கைத்தான் இங்கேயும் கேட்கிறேன். நாய்க்கு ஊசி போட்டால், ஊசி போட்டதாக எழுத வேண்டும்.

மருதம்
ஊசி, ஊசி, ஊசி! வேறு ஒன்றும் தெரியாதா? ஒரு மருந்து முதலில் ஊசியாக வரும், பிறகு சொட்டாக வரும். மருந்துகளின் வரலாறே அப்படித்தான். அறுவை செய்து பிழைப்பவர்கள் மறைக்கிறார்கள் என்று நான் எழுதியதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

வைகைக்கரை
சொல்கிறேன், இன்றைக்கே கேளுங்கள். மதுரையில் இருந்துகொண்டு இந்தப் பழியைக் கேட்க என்னால் முடியாது. 1976இல் வெங்கடசாமி ஐயா 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன மனிதர் அவர். அந்த விரல்களைப் பழக்கி அறுவைக் கத்தி பிடித்தார். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டு விலைக்கு விற்ற காலத்தில், ஏழைக்கு அது எட்டவில்லை. புரையை எடுத்துவிட்டு, சோடாப்புட்டி அடிப்பாகம் போன்ற கண்ணாடியைக் கொடுத்து அனுப்புவார்கள். வயலில் அந்தக் கண்ணாடி விழுந்து உடைந்தால் அந்த மனிதர் மறுபடியும் குருடர். அந்த நிலையை மாற்றத்தான் 1992இல் அரவிந்தின் லென்ஸ் ஆலையான ஆரோலேப் மதுரையிலேயே லென்ஸ் செய்யத் தொடங்கியது. காசில்லாதவருக்கும் லென்ஸ் கிடைத்தது.

நான் வேலை பார்த்தது அங்கே இல்லை, வேறு இடத்தில். ஆனாலும் சொல்கிறேன். கண்கட்டை அவிழ்க்கும் காலை நேரத்தில் ஒருநாள் வந்து நின்று பாருங்கள். வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பஞ்சை எடுத்ததும் சிலர் முதலில் தங்கள் கையைத்தான் பார்ப்பார்கள். விரலை மடக்கி நீட்டிப் பார்ப்பார்கள். ஒரு மூதாட்டி தன் கையைப் பார்த்துவிட்டு "இவ்வளவு சுருக்கமா விழுந்துவிட்டது?" என்று கேட்டார். மூன்று ஆண்டுகளாக அவர் தன் கையையே பார்த்ததில்லை. இதையா வியாபாரம் என்கிறீர்கள்?

இளவேனில்
மருதம் ஐயாவுக்கு இது வழக்கம்தான். நீல ஒளி தடுக்கும் கண்ணாடி பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் அடித்துப் பேசினார். கணினி பார்ப்பதால் வரும் கண் களைப்பை அந்தக் கண்ணாடி குறைப்பதாகத் தெரியவில்லை என்று காக்ரேன் குழு 2023இல் ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னதைக் காட்டினேன். அதன் பிறகு ஐயாவைக் காணவில்லை. இன்றுவரை ஒரு வார்த்தை வரவில்லை.

மருதம்
அன்று என் பேரனுக்குக் காய்ச்சல். பதில் எழுதவில்லை என்பதற்காகத் தோற்றேன் என்று பொருள் இல்லை. அந்தக் கண்ணாடியை இன்றும் அணிந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். எனக்குச் சுகமாக இருக்கிறது.

இளவேனில்
சுகமாக இருப்பதும் ஆய்வில் நிலைநாட்டுவதும் ஒன்று என்று வேதியியல் வகுப்பில் சொல்லிக்கொடுத்தீர்களா ஐயா?

மருதம்
என் வகுப்பைப் பற்றிப் பேச உங்களுக்குத் தகுதி இல்லை. என்னிடம் படித்தவர்கள் இன்று எங்கெங்கோ உயர்ந்து நிற்கிறார்கள்.

அல்லி
நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். என் அப்பாவுக்கு 71 வயது. வலக்கண்ணில் புரை. நேற்றைய பதிவைப் படித்துவிட்டு, ஒரு தளத்தில் லானோஸ்டீரால் சொட்டு என்று விற்றதை வாங்கச் சொல்லிவிட்டார். பெட்டி இன்று வந்துவிட்டது. குளிர்ப்பெட்டியில், தயிருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த வாரம் அறுவைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். அதை வேண்டாம் என்கிறார். நான் என்ன செய்ய?

மருதம்
எந்தத் தளத்திலும் வாங்குங்கள் என்று நான் எழுதவே இல்லை. அதைப் பதிவில் தேடிப் பார்க்கலாம். ஆய்வு நடந்தது என்றுதான் எழுதினேன். சொட்டு விட்டார்கள் என்றுதான் எழுதினேன். விட்டார்கள்.

வைகைக்கரை
பார்த்தீர்களா? இதற்குத்தான் பயந்தேன். "சொட்டு விட்டே கரைத்தார்கள்" என்று எழுதினீர்கள். "விட்டே" என்ற அந்த ஒரு ஏகாரம் அந்த வீட்டின் குளிர்ப்பெட்டி வரைக்கும் போயிருக்கிறது. ஊசியைச் சேர்த்து எழுதியிருந்தால் அந்தப் பெரியவர் பெட்டிக்குப் பணம் கட்டியிருப்பாரா?

தஞ்சைத்தரணி
ஏகாரம் தேற்றமா, பிரிநிலையா என்று முதலில் முடிவு செய்யுங்கள். இலக்கணம் தெரியாமல் சண்டை போடுகிறீர்கள்.

மருதம்
தேற்றம். உறுதிப்பொருளில்தான் எழுதினேன்.

வைகைக்கரை
படித்தவர்கள் பிரிநிலையாகத்தானே கொண்டார்கள்? சொட்டு மட்டும் போதும் என்றுதானே அந்த அப்பா கொண்டார்?

கயல்
அல்லி, இவர்களை விடுங்கள். மனிதர்களுக்குக் கண்புரையைக் கரைக்கும் என்று நிலைநாட்டப்பட்ட சொட்டு மருந்து எதுவும் இன்று இல்லை. கார்னோசின் வகைச் சொட்டுகளையும் இப்படித்தான் விற்கிறார்கள். 2017இல் காக்ரேன் குழு தேடியபோது அதற்குத் தகுதியான ஆய்வு ஒன்றுகூடச் சிக்கவில்லை. அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டாம். கண்ணில் விடும் எதுவும் நுண்கிருமி நீக்கித் தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும், அங்கே யார் தயாரித்தார் என்றே தெரியாது. பெட்டியை எடுத்துக்கொண்டு அப்பாவோடு மருத்துவரிடம் போங்கள். தேதியைத் தள்ளுவதா வேண்டாமா என்று அவரே சொல்லட்டும். அப்பாவுக்கு அறுவை மீது பயம் என்றால் அதையும் அங்கே சொல்லுங்கள். கண்ணை மரத்துப்போகச் செய்துதான் செய்வார்கள், பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அல்லி
நன்றி. பயம்தான் காரணம் என்று நினைக்கிறேன். அவருடைய அம்மாவுக்கு அந்தக் காலத்தில் செய்தபோது தலை இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து அசையாமல் படுக்க வைத்ததை அடிக்கடி சொல்வார்.

வைகைக்கரை
அம்மா, மணல் மூட்டைக் காலம் போய்விட்டது. அப்பாவிடம் போனைக் கொடுங்கள், நானே பேசுகிறேன். எண்ணைத் தனிமடலில் அனுப்புகிறேன். பெரியம்மாவின் கதையையும் அவரிடம் சொல்கிறேன்.

மருதம் ஐயா, நேற்றைய பதிவைத் திருத்துங்கள். "ஊசியும் போட்டார்கள்" என்ற மூன்று சொற்களைச் சேர்த்துவிடுங்கள். அதற்குமேல் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை.

இளவேனில்
"ஊசியும் போட்டார்கள்" இரண்டு சொல்தான்.

வைகைக்கரை
இரண்டோ மூன்றோ, சேர்க்கச் சொல்லுங்கள்.

மருதம்
என் பதிவில் பிழை இல்லாதபோது எதைத் திருத்துவது? நாய்களுக்குச் சொட்டு விட்டார்களா, இல்லையா? இந்தக் கேள்விக்கு "விட்டார்கள்" என்று வைகைக்கரை தம் கையாலேயே எழுதியிருக்கிறார். மேலே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை
அந்த வரியை முழுதாகப் படியுங்கள் ஐயா. அதற்கு அடுத்த சொல் என்ன?